உறுமலுக்கு எஜமான் யார்?

கார் 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்வரை ஒன்றும் இல்லை. 55-ஐத் தாண்டியதும் காலடியில் ஓர் உறுமல் கிளம்புகிறது. மாவு மில்லுக்குப் பக்கத்து வீட்டில் குடியிருப்பது போன்ற ‘ஊம்ம்ம்’. வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்து இரண்டு நாள் சமாளிக்கிறீர்கள். மூன்றாம் நாள் பட்டறைக்குக் கொண்டு போனால், நிற்கிற வண்டியில் சத்தமே இல்லை. தெருமுனைவரை ஓட்டிப் பார்த்துவிட்டு, “ஒண்ணும் கேக்கலையே சார்” என்கிறார் மெக்கானிக்.

வண்டி வைத்திருக்கும் பலருக்கும் இது நேர்ந்திருக்கும். சத்தம் கேட்கிறது, எங்கிருந்து என்று மட்டும் பிடிபடுவதில்லை. கொசுவின் ரீங்காரத்தை வைத்து இருட்டிலேயே அதை அடிக்கத் தெரிந்த நம் காது, நான்கு மீட்டர் நீளமுள்ள காருக்குள் ஏன் தடுமாறுகிறது? அப்படித் தடுமாறும் காதை வைத்துக்கொண்டு கோளாறை எப்படிக் கண்டுபிடிப்பது?

சென்ற மழைக்காலம் முடிந்தபின் நண்பர் ஒருவரின் காரில் திருச்சியிலிருந்து மதுரைக்குப் போனேன். விராலிமலை வருவதற்குள் வண்டிக்குள் நான்கு கட்சிகள் உருவாகிவிட்டன. “எஞ்சின்தான்” என்றார் நண்பர். முன் சீட்டில் இருந்த அவருடைய அப்பா, “டயர்டா, வேற ஒண்ணுமில்ல” என்றார். பின்னால் வலப்பக்கம் உட்கார்ந்திருந்த நண்பரின் மனைவிக்குத் தன் சீட்டுக்கு நேர் கீழே கேட்டது. எனக்கு எல்லாப் பக்கமும் கேட்டது. பேலன்சிங், அலைன்மென்ட் இரண்டுக்கும் ஏற்கெனவே பணம் கொடுத்தாகிவிட்டது. உறுமல் அப்படியே இருந்தது.

மீட்டுவது தந்தியை, ஒலிப்பது குடம்

முதலில் காதின் தடுமாற்றத்தைப் பார்ப்போம்.

ஒரு விநாடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கை அதிர்வெண் என்கிறோம். கொசுவின் சிறகு விநாடிக்குப் பல நூறு முறை அடிக்கிறது. கார் உறுமலோ விநாடிக்கு 40, 50 அதிர்வுதான். காற்றில் ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் ஓடும். விநாடிக்கு 45 அதிர்வு என்றால் ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே ஏழு மீட்டருக்கு மேல் தூரம். இந்தத் தூரத்துக்கு அலைநீளம் என்று பெயர்.

கார் நான்கு மீட்டர். அலை ஏழு மீட்டர். வண்டியைவிட நீளமான அலை வண்டிக்குள் ஒரு மூலையில் உட்கார முடியாது. உள்ளே இருக்கும் காற்று முழுவதும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் இறுகித் தளர்கிறது. ஒலி எந்தக் காதுக்கு முன்னால் வந்தது, எந்தக் காதில் பலமாக விழுந்தது என்ற வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையை அறிகிறது. இங்கே அந்த வித்தியாசமே எழுவதில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. எஃகில் ஒலி காற்றைவிடப் பதினைந்து மடங்கு வேகமாக ஓடும். சக்கரத்தில் பிறந்த அதிர்வு சஸ்பென்ஷன் வழியாக ஏறி, பாடியில் பரவி, தகட்டில் எது தளர்வாக, அகலமாக இருக்கிறதோ அதைப் பறைத்தோல்போல அதிரவைக்கிறது. வீணையில் மீட்டுவது தந்தியை. பெரிதாக ஒலிப்பது குடம். பின் சீட்டுக்குக் கீழே சத்தம் கேட்டதாக நண்பரின் மனைவி சொன்னது பொய்யில்லை. அங்கே தரைத் தகடு உண்மையிலேயே அதிர்ந்துகொண்டிருந்தது. ஆனால் அது குடம். தந்தி வேறெங்கோ இருந்தது.

ஆகவே ‘எங்கிருந்து வருகிறது?’ என்ற கேள்வியை ஒதுக்கிவிடலாம். கேட்க வேண்டியது வேறு: இந்தச் சத்தம் யார் சொன்னதைக் கேட்கிறது? எது கூடினால் கூடுகிறது, எது நின்றால் நிற்கிறது? அதுதான் உறுமலின் எஜமான்.

நான்கு எஜமான்கள்

ஓடுகிற காரில் உறுமலை ஏவக்கூடியவர்கள் நான்கு பேர்: எஞ்சின், காற்று, சாலை, சக்கரம்.

காற்றைக் கண்டுபிடிப்பது சுலபம். பின் கண்ணாடி ஒன்றை மட்டும் இறக்கிவிட்டு வேகமாகப் போனால் காதை அடைக்கும் ‘தப் தப்’ வருமே, அது காற்றின் வேலை. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் பாட்டில் ஒலிக்கிற அதே விஷயம். இங்கே பாட்டில்தான் கார். கண்ணாடியை ஏற்றினால், அல்லது இன்னொன்றைக் கொஞ்சம் இறக்கினால் போய்விடும். நண்பரின் காரில் எல்லாக் கண்ணாடியும் ஏற்றியிருந்தது. காற்று தப்பித்தது.

மற்ற மூவரை ஒருவர்பின் ஒருவராக விசாரிக்க வேண்டும். இதில் ஒரே விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். இரண்டை ஒன்றாக மாற்றிவிட்டால் எதனால் சத்தம் மாறியது என்று சொல்லவே முடியாது.

ஸ-விலிருந்து ம-வுக்கு

துவரங்குறிச்சிக்கு முன்னால் சாலை காலியாக இருந்தது. வேகமுள்ளை 60-லேயே வைத்துக்கொண்டு நான்காம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மாற்றச் சொன்னேன். சக்கரத்தின் வேகம் மாறவில்லை. எஞ்சினோ 2,200 சுற்றிலிருந்து 3,000 சுற்றுக்கு ஏறியது.

அது நான்கு சிலிண்டர் எஞ்சின். ஒரு சுற்றுக்கு இரண்டு முறை எரிபொருள் வெடிக்கும். நிமிடத்துக்கு 2,200 சுற்று என்றால் விநாடிக்கு 73 வெடிப்பு. 3,000 என்றால் 100 வெடிப்பு. உறுமல் எஞ்சினுடையதாக இருந்தால் அதன் சுருதி 73-லிருந்து 100-க்கு ஏறியிருக்க வேண்டும். பாட்டுக் கணக்கில் சொன்னால், ஏறக்குறைய ஸ-விலிருந்து ம-வுக்கு ஏறியது மாதிரி. இதைக் கேட்டுச் சொல்லச் சங்கீதம் படித்திருக்க வேண்டியதில்லை.

எஞ்சினின் இரைச்சல் அப்படியே ஏறியது. அதற்கு அடியில் கிடந்த உறுமல் அசையவில்லை. பிறகு சில விநாடி நியூட்ரலில் உருளவிட்டோம். எஞ்சின் அடங்கியது, உறுமல் அடங்கவில்லை. (சாவியை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்காதீர்கள். ஸ்டீயரிங் கனத்துவிடும், பூட்டிக்கொள்ளவும் கூடும். பிரேக்கின் உதவியும் சில மிதிகளில் தீர்ந்துவிடும்.) எஞ்சின் விடுதலை ஆனது. அதோடு சேர்ந்து சைலன்சரும் எஞ்சின் மவுண்டும் பட்டியலிலிருந்து போயின. அவை எஞ்சினின் வேலையாட்கள். எஞ்சின் சொல்லாமல் பேச மாட்டார்கள்.

நண்பர் முகத்தில் நிம்மதி. அப்பா, “நான் சொன்னேன்ல” என்றார்.

டயரா, பேரிங்கா?

அப்பாவின் கட்சியை லேசில் ஒதுக்க முடியாது. உறுமல் விவகாரத்தில் அனுபவசாலிகளையே ஏமாற்றுவது டயர்தான். அதுவும் சக்கரத்தோடு சுற்றுகிறது, வேகத்தோடு கூடுகிறது.

நல்ல டயரின் மேலுள்ள ரப்பர்ப் பட்டன்கள் சாலையில் தட்டுவதால் வருவது ஒரு மெல்லிய இரைச்சல். வட்டத்தைச் சுற்றி அறுபது பட்டன் இருந்தால் 60 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு 500 தட்டு. எல்லாம் ஒரே அளவாக இருந்தால் அது ஒற்றைச் சுருதியில் ஊளையிடும் என்பதற்காகவே, டயர் தயாரிப்பவர்கள் பட்டன்களைச் சிறிதும் பெரிதுமாகக் கலந்து அமைக்கிறார்கள். ஆனால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்துபோய் டயர் மேடுபள்ளமாகத் தேய்ந்துவிட்டால், சுற்றுக்குச் சில மேடுகளே சாலையில் மோதும். அப்போது இரைச்சல் உறுமலாகத் தாழ்ந்துவிடும்.

டயரையும் பேரிங்கையும் பிரித்துக் காட்டுவது சாலைதான். டயரின் சத்தம் சாலையைப் பொறுத்தது. சொரசொரப்பான பழைய தாரில் ஒரு குரல், புதிதாகப் போட்ட வழுவழுப்பான தாரில் வேறு குரல். சக்கரத்தைச் சுழலவிடும் பேரிங் அதன் குடத்துக்குள் இருக்கிறது. வெளியே தார் பழசா புதுசா என்பது அதற்குத் தெரியாது.

துவரங்குறிச்சி தாண்டி ஒரு துண்டு புதுச் சாலை வந்தது. டயர் இரைச்சல் சட்டென்று குறைந்து வண்டிக்குள் அமைதி வந்தது. அந்த அமைதியில் உறுமல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்டது. வண்டியை ஓரங்கட்டி டயர்களையும் தடவிப் பார்த்தோம். பட்டன்மேல் உள்ளங்கையை முன்னுக்கு ஒருமுறை, பின்னுக்கு ஒருமுறை இழுத்தால் போதும். ஒருபக்கம் வழவழ, மறுபக்கம் ரம்பப்பல் என்றால் தேய்மானம் கோணல். நான்கும் சீராகவே இருந்தன.

“பேலன்சிங் சரியா போடலையோ?” என்றார் நண்பர். அதற்கும் கணக்கு உண்டு. டயரின் பக்கவாட்டில் 165/80 R14 என்று இருந்தது. அகலம் 165 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், அதாவது 132. நடுவில் 14 அங்குல ரிம். எல்லாம் சேர்ந்து குறுக்களவு 62 சென்டிமீட்டர், சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 60 கிலோமீட்டர் வேகம் என்பது விநாடிக்கு 16.7 மீட்டர். அப்படியானால் சக்கரம் விநாடிக்கு எட்டரைச் சுற்று சுற்றுகிறது. எடை சமமில்லாத சக்கரம் சுற்றுக்கு ஒருமுறைதான் உதைக்கும். விநாடிக்கு எட்டரை உதையைக் காது ஒலியாகக் கேட்காது. மனிதக் காதின் எல்லையே ஏறக்குறைய 20-ல்தான் தொடங்குகிறது. அதைக் கை உணரும், ஸ்டீயரிங் நடுங்கும். நடுங்குவது வேறு நோய், உறுமுவது வேறு நோய். பேலன்சிங்குக்குக் கொடுத்த பணம் இந்த நோய்க்கான மருந்தே இல்லை.

வளைவில் சாய்ந்த நூறு கிலோ

மிஞ்சியது பேரிங். நான்கு சக்கரத்தில் எதனுடையது? இதற்கு வளைவு உதவும்.

பேருந்து வலப்பக்கம் திரும்பும்போது நிற்கிறவர்கள் இடப்பக்கம் சாய்கிறார்கள். காரும் சாய்கிறது. ஆயிரம் கிலோ கார் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நீண்ட வலது வளைவில் போனால், சுமார் நூறு கிலோ பாரம் வலப்பக்கச் சக்கரங்களிலிருந்து இடப்பக்கத்துக்கு மாறிவிடும். புண்பட்ட காலில் இன்னும் ஒரு மூட்டையை ஏற்றியது போல. அந்தக் கால் இடப்பக்கம் இருந்தால் சத்தம் பெருகும். வலப்பக்கம் இருந்தால் அடங்கும்.

மேலூருக்கு முன்னால் வந்த ஒவ்வொரு வலது வளைவிலும் உறுமல் தடித்தது. இடது வளைவில் கிட்டத்தட்ட மறைந்தது. ஆக, இடப்பக்கம்.

இந்தச் சோதனையை வேதவாக்காகக் கொள்ளவும் கூடாது. இன்றைய கார்களில் பேரிங்குக்குள் இரண்டு வரிசைக் குண்டுகள் இருக்கின்றன. எந்த வரிசை கெட்டது என்பதைப் பொறுத்துச் சில வண்டிகளில் முடிவு தலைகீழாகவும் வரும். பொருளை வாங்குவதற்கு முன் கையால் தொட்டுப் பார்ப்பதே நியாயம்.

ஜாக்கியும் சுருளும்

மதுரையில் ஒரு சிறிய பட்டறை. நாங்கள் கண்டதைச் சொன்னதும் அந்த மெக்கானிக் அண்ணன் எஞ்சின் பக்கமே போகவில்லை. ஜாக்கியால் முன்பக்கத்தை ஏற்றி, அடியில் ஸ்டாண்ட் வைத்தார். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். “ஆட்டம் இல்ல சார்” என்றார். ஆட்டம் வருவது கடைசிக் கட்டம். சத்தம் அதற்கு வெகுமுன்பே வந்துவிடும்.

பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை அதற்கு மேலுள்ள சுருள் ஸ்பிரிங்கில் வைத்தார். வலப்பக்கம் ஒன்றும் இல்லை. இடப்பக்கம் வைத்ததும் என் கையைப் பிடித்து அங்கே வைத்தார். அம்மிக்கல்லில் சோளம் அரைபடுகிற மாதிரி ஒரு நறநறப்பு விரலில் ஏறியது. காற்றில் திசை தெரியாமல் திரிந்த சத்தம் எஃகில் தன் முகவரியைக் காட்டிவிட்டது. சில பட்டறைகளில் நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை இரும்பில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கேட்பார்கள். 1816-இல் பிரான்சில் லேன்னக் என்ற மருத்துவர் காகிதத்தைச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதுதான் ஸ்டெதாஸ்கோப்பின் தொடக்கம். இரண்டுக்கும் தத்துவம் ஒன்றே: காற்றை நம்பாதே, உடம்பைத் தொடு.

மிளகளவு காயம்

கழற்றிய பேரிங்கை உடைத்துப் பார்த்தோம். இரண்டு எஃகு வளையங்கள், நடுவில் குண்டுகள். சைக்கிள் கடையில் பால்ரஸ் என்று வாங்குவோமே, அதே வம்சம். வண்டியச்சில் குண்டுகளை வைத்து ஓட்டும் அமைப்புக்கு வேல்ஸ் நாட்டுக்காரரான பிலிப் வாகன் காப்புரிமை வாங்கியது 1794-இல். அடிப்படை இன்றுவரை மாறவில்லை.

வெளி வளையத்தின் உட்புறம் கண்ணாடிபோல் பளபளத்தது. ஓரிடத்தில் மட்டும் மிளகளவுக்குத் தோல் உரிந்து மங்கியிருந்தது. கிரீஸ் பால் விட்ட டீ நிறத்தில் இருந்தது. தண்ணீர் புகுந்ததன் அடையாளம்.

இந்த மிளகளவு காயம் காரையே எப்படி உறுமவைக்கிறது? கனமான கல்லை உருளைக் கட்டைமேல் வைத்து நகர்த்துவதைப் பார்த்திருப்பீர்கள். கல் இரண்டு முழம் போனால் கட்டை ஒரு முழம்தான் போகும். பேரிங்கிலும் அப்படியே. சக்கரத்தோடு உள்வளையம் சுற்றுகிறது, வெளிவளையம் நிற்கிறது, இடையிலுள்ள குண்டுகள் பாதி வேகத்துக்கும் சற்றுக் குறைவாக வலம் வருகின்றன. சக்கரம் பத்துச் சுற்று சுற்றினால் குண்டுகள் சுமார் நான்கு சுற்று.

எண்ணிப் பார்த்தோம்: ஒரு வரிசையில் 13 குண்டு. 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் விநாடிக்கு எட்டரைச் சுற்று. குண்டு வரிசை அதில் பத்தில் நான்கு பங்கு, அதாவது ஏறக்குறைய மூன்றரைச் சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 13 குண்டுகளும் காயத்தில் இடறுகின்றன. மொத்தம் விநாடிக்குச் சுமார் 44 இடறல். அதுதான் நாங்கள் கேட்ட ‘ஊம்ம்ம்’.

தொடக்கத்தில் பார்த்த புதிரும் இங்கே அவிழ்கிறது. 40 கிலோமீட்டர் வேகத்தில் இடறல் விநாடிக்கு 30 ஆகக் குறைகிறது. ஒவ்வொரு அடியும் மெதுவாக விழுகிறது. இவ்வளவு தாழ்ந்த சுருதியில் நம் காது மந்தம். 30 அதிர்வு காதில் விழ, 50 அதிர்வைவிடப் பல மடங்கு பலம் தேவை. வேகம் 55-ஐத் தாண்டியதும் அடி பலமாகிறது, காதும் விழித்துக்கொள்கிறது. ஊஞ்சலை அதன் தாளத்துக்கே தள்ளினால் வீச்சு பெருகுவதுபோல, ஏதாவது ஒரு தகட்டின் இயல்பான தாளமும் அந்த இடறலோடு ஒத்துப்போகலாம். இதை ஒத்ததிர்வு என்பார்கள். திடீரென்று முளைத்ததாகத் தோன்றும் சத்தம் மெதுவாக வளர்ந்து வந்ததுதான். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்த மெக்கானிக்கும் பொய் சொல்லவில்லை. தெருவில் அவரால் அந்த வேகத்தை எட்ட முடியாது.

குண்டும் வளையமும் தொடும் இடம் மிகச் சிறிது. அதில் முழுப் பாரமும் குவிகிறது. வளைந்த இரண்டு பரப்புகள் இப்படி அழுந்தும்போது என்ன நேரும் என்று 1882-இல் கணக்கிட்டுக் காட்டியவர், அப்போது இருபதுகளில் இருந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ். அவர் பெயரைத்தான் பின்னாளில் அதிர்வெண்ணின் அலகுக்கும் சூட்டினார்கள். நண்பரின் கார் போட்ட சத்தம் 44 ஹெர்ட்ஸ்; அதற்குக் காரணமான காயமும் ஹெர்ட்ஸ் கணக்கிட்ட அழுத்தத்தில் விளைந்தது. நல்ல பேரிங்கில் இந்த அழுத்தத்தால் காயம் விழ வெகுகாலம் ஆகும். பள்ளத்தில் ‘டங்’ என்று விழுந்த ஒரு சக்கரமும், தெருவில் தேங்கிய மழைநீரும் அந்தக் காலத்தைக் குறுக்கிவிடுகின்றன.

பட்டறைக்குப் போகும் முன்

புதுப் பேரிங்கை அந்த அண்ணன் சுத்தியலால் அடித்து ஏற்றவில்லை. பிரஸ்ஸில் வைத்து, வெளி வளையத்தை மட்டும் அழுத்தி உட்காரவைத்தார். உள் வளையத்தில் அடித்தால் அந்த அடி குண்டுகள் வழியாகப் பாய்ந்து வளையத்தில் குழி போட்டுவிடும். புதிய பேரிங் பிறக்கும்போதே காயத்தோடு பிறக்கும். மாற்றச் சொல்லும்போது “பிரஸ் இருக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

“சத்தம் வருது, பாருங்க” என்று மட்டும் சொல்லி வண்டியை விட்டுவிட்டு வராதீர்கள். ஒரு துண்டுத் தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போங்கள். எந்த வேகத்தில் தொடங்குகிறது? கியரை மாற்றினால் மாறுகிறதா? நியூட்ரலில் நிற்கிறதா? வழுவழுப்பான சாலையில் குறைகிறதா? எந்தப் பக்க வளைவில் கூடுகிறது? காலிச் சாலையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள ஓர் ஆளும் இருந்தால் அரை மணி நேர வேலை.

உறுமும் பேரிங்கோடு மாதக்கணக்கில் ஓட்டவும் வேண்டாம். காயம் பெருகினால் சூடேறும், பிறகு சக்கரம் ஆட்டம் காணும். மதுரையிலிருந்து திரும்பும்போது விராலிமலைவரை யாரும் பாட்டுப் போடவில்லை. 60, 70, 80 என்று முள் ஏறியது. டயரின் இரைச்சல் மட்டும் கேட்டது.